இடைநீக்கக் காலத்துச் சம்பளம்: சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டக் கிராணி கற்றுக்கொண்டவை

2023 ஜூன் 6 ஆம் தேதி காலை, பிரட்டு என்னும் காலை வருகைப் பதிவு முடிந்து தொழிலாளர்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, துணை நிர்வாகி என்னை அலுவலகத்திற்கு அழைத்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். முதல் பக்கம் காரணம் கேட்கும் கடிதம். செம்பனைக் குலைக் கணக்கைப் பொய்யாகப் பதிந்ததாக என்மீது குற்றச்சாட்டு, மூன்று நாளில் பதில் எழுத வேண்டும். இரண்டாம் பக்கத்தில், மறு அறிவிப்பு வரும் வரை நான் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யப்படுவதாக மலாயில் இரண்டே வரிகள் இருந்தன. அன்று இரவு முதல் பக்கத்தைப் பத்து முறையாவது படித்திருப்பேன். என் குடும்பத்தின் சோற்றைத் தொட்ட இரண்டாம் பக்கத்தைச் சரியாக ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகக் களக் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, வேலை செய்து வந்தேன். மாதச் சம்பளம் 2,400 ரிங்கிட். மே மாதத்தில் மூன்று நாள்கள், மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) கொடுத்த சிட்டில் இருந்த எண்ணிக்கையை, குலைகளைச் சேர்த்து வைக்கும் மேடைக்கு நேரில் சென்று எண்ணிச் சரிபார்க்காமல் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஏற்றினேன்; ஆலைக்குப் போன கணக்குக்கும் என் கணக்குக்கும் 212 குலைகள் வித்தியாசம் வந்தது. அது கவனக் குறைவு என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நிர்வாகம் அதை ஏமாற்று வேலை என்றது. அந்த வழக்கை இங்கே மறுபடியும் நடத்த நான் எழுதவில்லை. குற்றம் உண்டா இல்லையா என்ற கேள்வியும், அந்தக் கேள்வி தீரும் வரை சம்பளம் உண்டா இல்லையா என்ற கேள்வியும் வெவ்வேறு என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் இழந்தவற்றை இதைப் படிக்கும் ஒருவராவது இழக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என்னைத் தடுத்தது அறியாமையைவிட வெட்கந்தான். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒருவர் வீட்டில் சண்டை என்றால் கோயில் வரைக்கும் செய்தி போய்விடும் ஊர் எங்களுடையது. பக்கத்து வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று முதல் பத்து நாள்கள் வழக்கம்போல் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி, பட்டணத்தில் ஓர் உணவுக்கடையில் உட்கார்ந்துவிட்டு மதியம் திரும்பினேன். தவறு செய்ததாகச் சொல்லப்படுகிற ஒருவன் சம்பளம் கேட்டுப் போய் நிற்பது முறையாகுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலை 7 ஆம் தேதி வங்கியில் 400 ரிங்கிட் மட்டும் வந்திருந்தது. ஜூன் முதல் ஐந்து நாள்களுக்கான சம்பளம் அது. அதுவரை எதையும் கேட்காமல் இருந்த என் மனைவி அன்றுதான் வாய் திறந்தார். “நீங்க தப்பு பண்ணீங்களா இல்லையான்னு அவங்க இன்னும் விசாரிக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படிங்க சம்பளத்த நிறுத்தினாங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை, பின் லயத்தில் இருந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். 1954 இல் பல தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் நெடுங்காலம் எங்கள் தோட்டத்துக் கிளைப் பொறுப்பில் இருந்தவர் அவர். மாமா என்றுதான் எல்லாரும் அழைப்போம். கடிதத்தின் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு இரண்டாம் பக்கத்தைத்தான் அவர் கையில் எடுத்துப் படித்தார். “விசாரணைக்கு முன்னால சம்பளமே இல்லாம நிறுத்தி வைக்க முடியாது, தம்பி” என்றார்.

அவர் காட்டியது 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு. ஒழுங்கீனக் குற்றச்சாட்டை விசாரிப்பதற்காக முதலாளி ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்த நிறுத்தம் ஒரு வாரத்துக்கு மேற்படக்கூடாது, அந்த ஒரு வாரத்துக்கும் அவருடைய சம்பளத்தில் பாதிக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். விசாரணையில் குற்றம் எதுவும் வெளிப்படாவிட்டால், பிடித்து வைத்த பாதியையும் உடனே திருப்பித் தர வேண்டும். ஒரு வாரம் கடந்தும் விசாரணை முடியவில்லை என்றால், அந்தத் தாமதத்தின் பாரத்தைத் தொழிலாளியின் தலையில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று தொடர்ந்து சொல்லலாம், ஆனால் முழுச் சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.

மாமா ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஜூனில் 30 நாள், ஆகவே ஒரு நாளுக்கு 80 ரிங்கிட். 6 முதல் 12 வரையிலான ஒரு வாரத்துக்கு 560 ரிங்கிட். அதில் அதிகபட்சம் 280 தான் பிடிக்கலாம். 13 முதல் 30 வரை பதினெட்டு நாள்களுக்கு 1,440 ரிங்கிட் முழுதாக வர வேண்டும். வேலை செய்த நாள்களின் 400 ஐயும் சேர்த்தால் ஜூன் மாதத்துக்கு எனக்குச் சேர வேண்டியது 2,120. கைக்கு வந்தது 400. ஆயிரத்து எழுநூற்று இருபது ரிங்கிட்டை நான் வெட்கத்தின் பேரில் விட்டுக்கொடுக்க இருந்தேன். அந்த மாதம் மளிகைக்கடையில் எங்கள் கடனே அறுநூறைத் தாண்டியிருந்தது.

ஒரு குழப்பத்தை இங்கே தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் அலுவலகமே அதில் குழம்பியிருந்தது. பின்னர் நான் கேட்டபோது, சம்பளமின்றி இரண்டு வாரம் நிறுத்திவைக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று துணை நிர்வாகி சொன்னார். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் அது விசாரணை முடிந்து, குற்றம் உறுதியான பிறகு, வேலைநீக்கத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் சிறிய தண்டனை, அதுவும் இரண்டு வாரத்தைத் தாண்டக்கூடாது. விசாரணைக்கு முந்திய இடைநீக்கம் தண்டனை அன்று. இரண்டுக்கும் கடிதங்களில் ஒரே மலாய்ச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். ஆகையால் கடிதம் கையில் கிடைத்ததும், இது விசாரணைக்காகவா, தண்டனையாகவா என்று முதலில் பாருங்கள். எழுதப்படவில்லை என்றால், எழுத்தில் கேளுங்கள்.

அந்த நாள்களில் நான் இரண்டு தவறுகளைச் செய்ய இருந்தேன். முதலாவது, பட்டணத்து இரும்புக்கடையில் நாள்கூலிக்குப் போவது; அதை மாமா தடுத்தார். சம்பளம் வராதபோது வேறு வேலைக்குப் போனால் என்ன என்று தோன்றும். ஆனால் இடைநீக்கத்தில் வேலை ஒப்பந்தம் முறிவதில்லை, அழைத்தால் வர வேண்டியவராகத்தான் நாம் இருக்கிறோம். அந்த நேரத்தில் இன்னொருவரிடம் வேலை செய்தால், அதையே இரண்டாவது குற்றச்சாட்டாக எழுத வழி திறந்துவிடுவோம். ஒப்பந்தம் முறியாதபோது தோட்டத்து வீட்டில் தங்கும் உரிமையும் அப்படியே இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அதுவரை என் மனைவி சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ஜூன் கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து, நானாக வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் நிலுவைச் சம்பளம் முழுவதும் வந்துவிடும், பெயரும் கெடாது என்றார். அன்பாகத்தான் பேசினார். விலகல் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடாமல் இருந்ததற்குக் காரணம் என் அறிவு அன்று, அன்றைக்கு மகனுக்குக் காய்ச்சல், நாளை தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், அவ்வளவே. அந்தக் கடிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தால், என்னை யாரும் நீக்கவில்லை, நானே போனேன் என்றாகியிருக்கும். பின்னால் வந்த எந்தக் கதவும் எனக்குத் திறந்திருக்காது. உழைத்த சம்பளம் ஏற்கனவே நம்முடையது. அதைக் கொடுப்பதற்கு விலையாக எதையும் எழுதி வாங்க எவருக்கும் உரிமை இல்லை.

உள் விசாரணை ஜூலை 11 ஆம் தேதி நடந்தது. புகார் எழுதிய துணை நிர்வாகியே விசாரணைக் குழுவிலும் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அதை எதிர்க்கிறேன் என்று நான் சொன்னதோடு நிற்காமல், அது குறிப்பேட்டில் எழுதப்பட்ட பிறகுதான் கையெழுத்திட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்கினேன். என் சார்பாக ஒரு சக ஊழியரை அழைத்துச் சென்றேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உள் விசாரணையில் குறை இருந்தால் அதனாலேயே வழக்கு நம் பக்கம் என்று நம்பிவிட வேண்டாம். அந்தக் குறையைத் தொழிலியல் நீதிமன்றம் சாட்சியங்களைப் புதிதாகக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று 1995 ஆம் ஆண்டிலேயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகல்கள் வேண்டும் என்பது, பின்னால் யார் என்ன சொன்னார் என்பதற்கு நம் கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்பதற்காக.

ஜூலை 20 ஆம் தேதி வேலைநீக்கக் கடிதம் வந்தது, அன்றிலிருந்தே நடப்புக்கு வருவதாக. முன்னறிவிப்பு இல்லை, அதற்கு ஈடான பணமும் இல்லை. நிலுவைச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது, வீட்டுச் சாவியையும் தோட்டத்து மோட்டார் சைக்கிளையும் ஒப்படைத்த பிறகு, கூடுதலாகக் கொடுக்கப்பட்ட குலைக் கூலியைக் கழித்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் தருவோம் என்று பதில் வந்தது.

இந்த இடத்தில் என் மனம் உடைந்தது உண்மை. ஆனால் இதற்கும் சட்டத்தில் விடை இருந்தது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், நீக்கம் நடப்புக்கு வரும் நாளுக்கு முந்திய நாள் வரை ஈட்டிய சம்பளத்தை, நீக்கப்படும் அதே நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 21 ஆம் பிரிவு சொல்கிறது. சாவி வரும் வரை பொறு என்று அதில் இல்லை. சம்பளத்தில் எவற்றையெல்லாம் பிடிக்கலாம் என்பதை 24 ஆம் பிரிவு வரையறுக்கிறது: முந்திய மூன்று மாதங்களுக்குள் அந்த ஊழியருக்கே தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், அவர் வாங்கிய முன்பணம், சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) போலச் சட்டம் விதித்த பிடிப்புகள் முதலியவை. குலை வெட்டியவருக்கு நிர்வாகம் அதிகமாகக் கொடுத்த கூலியை என் சம்பளத்தில் நட்டமாகப் பிடிப்பது அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. ஜூலையில் 31 நாள் என்பதால் பத்தொன்பது நாள்களுக்கு 1,470 ரிங்கிட் 97 சென், ஜூனின் 1,720 ரிங்கிட்டோடு சேர்த்து மொத்தம் 3,190 ரிங்கிட் 97 சென் எனக்கு வர வேண்டியிருந்தது.

ஜூலை 31 ஆம் தேதி தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தேன். கட்டணம் ஏதும் இல்லை, வழக்கறிஞரும் தேவைப்படவில்லை. வேலை நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, இடைநீக்கக் கடிதம், நீக்கக் கடிதம் ஆகியவற்றோடு மாமா எழுதிய அந்த நாள்காட்டித் தாளின் கணக்கையும் சுத்தமாகப் பிரதி எடுத்துக் கொண்டுபோனேன். என்னைப் பொறுத்தவரை மிகவும் உதவியது அந்தக் கணக்குத்தான். “சம்பளம் தரவில்லை” என்று சொல்வதைவிட, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால், அதிகாரிக்குக் கேட்க வேண்டிய கேள்வி உடனே கிடைத்துவிடுகிறது. குற்றம் செய்தீர்களா என்று அவர் என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த மேசைக்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தொழிலாளர் இலாகாவில் முறையான விசாரணைக்குத் தேதி குறிக்கப்பட்ட பிறகு, அந்தத் தேதிக்கு முன்பாகவே, செப்டம்பர் 12 ஆம் தேதி நிர்வாகம் முழுத் தொகையையும் கட்டிவிட்டது. புகாரை முடித்துக்கொள்ளக் கையெழுத்துப் போடப் போனபோது அதிகாரி சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுத்துவிட்டீர்களா? நான், நிர்வாகத்துக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்றேன். அவர் நாள்காட்டியைப் பார்த்தார். 1967 ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20 ஆம் பிரிவுப்படி, நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், தம்மை மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் அந்த அறுபதில் சேரும். நிர்வாகத்துக்கு அனுப்பிய மேல்முறையீடு அந்த நாள் ஓட்டத்தை நிறுத்தாது. எனக்கு அறுபதாம் நாள் செப்டம்பர் 18. செப்டம்பர் 14 ஆம் தேதி நான் ஈப்போவுக்குப் போய் மனுவைக் கொடுத்தபோது நான்கு நாள்கள்தாம் மிச்சம் இருந்தன. சம்பளத்துக்கு ஓர் இலாகா, வேலைக்கு இன்னோர் இலாகா என்பதையும், ஒன்றில் புகார் கொடுத்தது மற்றொன்றில் கொடுத்ததாகாது என்பதையும் எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால், அந்த இரண்டு இரவுகள் அப்படிக் கழிந்திருக்காது.

சமரசப் பேச்சில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. அதிகாரி, நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், நான். இரண்டாவது சந்திப்பில் ஆறு மாதச் சம்பளமான 14,400 ரிங்கிட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது. உடன்படாமல் போயிருந்தால், 2021 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி வழக்கு அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அங்கே வென்றால் பின்சம்பளம் 24 மாதம் வரை கிடைக்கலாம், தோற்றால் ஒன்றும் இல்லை. சரிபார்க்காமல் ஏற்றிய மூன்று நாள் கணக்கு என் கையெழுத்தில் இருந்தது. வேறொரு தோட்டத்தில் எனக்கு வேலையும் கிடைத்திருந்தது. நான் உடன்பட்டேன், என் இடத்தில் இன்னொருவர் வேறு முடிவு எடுத்தால் அதையும் மதிப்பேன்.

ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்குக் கிடைக்காதவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீண் நம்பிக்கை வளரும். முறையான விசாரணைக்குப் பின் அப்படி நீக்கப்பட்டவருக்கு, சேவைக் காலத்துக்கேற்ற பணிநீக்க நன்மைத் தொகை கிடையாது. எடுக்காமல் விட்ட ஆண்டு விடுப்பையும் சட்டப்படி கேட்க முடியாது. சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டத்தின் உதவித்தொகையும் ஒழுங்கீன நீக்கத்துக்கும், தாமாக விலகியவருக்கும் பொருந்தாது. எஞ்சுவது, ஈட்டிய சம்பளமும் இடைநீக்கக் காலச் சம்பளமும். அவை தண்டனையில் கரைந்துபோகாதவை.

2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் சம்பள அளவு பாராமல் தீபகற்பத்திலுள்ள ஊழியர்களுக்குப் பொருந்துகிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு மிகைநேரக் கூலி போன்ற சில பிரிவுகள் மட்டும் விலக்கு. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன. அங்குள்ளோர் அவற்றைப் பார்க்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இன்று குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களுக்கும் இதே 14 ஆம் பிரிவுதான். மண்டோராகவும் கிராணியாகவும் இருக்கும் நம்மவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அவர்களில் ஒருவருக்கு இத்தகைய கடிதம் வந்தால், இரண்டாம் பக்கத்தை அவர் மொழியில் ஒருமுறை படித்துச் சொல்லுங்கள் என்பதுதான்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த அக்டோபரில், என் மனைவி ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தார். ஜூன் மாதச் சந்தா 400 ரிங்கிட் சம்பளத்துக்கு மட்டுமே கட்டப்பட்டிருந்தது. ஜூலைக்கு ஒன்றுமே இல்லை. நிலுவையாக வந்ததும் சம்பளந்தான், அதற்கும் என் பங்கான 11 விழுக்காட்டோடு முதலாளியின் 13 விழுக்காடும் சேர வேண்டும். சம்பளச் சீட்டுகளோடு சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். நவம்பரில் இரண்டு மாதச் சந்தாவும் கணக்கில் ஏறின.